உணவில் நச்சும் நுண்ணுயிரியும்: விரைவுச் சோதனைகளை முறையாகச் செய்ய முழுமையான வழிகாட்டி

விரைவுச் சோதனைக் கிட் எதை எடுத்தாலும் பெட்டியின் மேல் நேரம்தான் பெரிய எழுத்தில் இருக்கும்: 10 நிமிடம், 15 நிமிடம், 1 மணி நேரம். அந்த நேரம் பெரும்பாலும் கடைசிக் கட்டத்துக்கு மட்டும் உரியது. மாதிரி எடுத்து, அரைத்து, கரைத்து, சில சமயம் ஓர் இரவு முழுக்க இன்குபேட்டரில் வளர்த்த பிறகுதான் அந்த 15 நிமிடம் தொடங்குகிறது. இதைத் தெரிந்து வாங்கினால் கிட் நல்ல துணை. தெரியாமல் வாங்கினால் அது பொய்யான நிம்மதியைத்தான் தரும். அந்த நிம்மதி, சோதனையே செய்யாமல் இருப்பதைவிட ஆபத்தானது. கையில் ‘நெகட்டிவ்’ என்று ஒரு தாள் இருந்தால் அதன்பிறகு யாரும் மறுபடி பார்ப்பதில்லை.

உணவு தயாரிக்கும் இடங்களில் தரக்கட்டுப்பாட்டைக் கவனிப்பவர்களையும், உணவு அறிவியல், நுண்ணுயிரியல் மாணவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நுண்ணுயிரியைச் சத்து ஊடகத்தில் வளர்த்துப் பார்க்கும் பழைய வளர்ப்பு முறையோடு ஒப்பிட்டால்தான் விரைவு என்ற சொல்லுக்கு அர்த்தம் புரியும். உணவு வழியே நோய் பரப்பும் சால்மோனெல்லா பாக்டீரியா இல்லை என்று வளர்ப்பு முறையில் சொல்லவே ஏறத்தாழ 3 நாள் ஆகும். இருக்கிறது என்று உறுதிப்படுத்த 5 நாள் வரை, சில நேரம் அதற்கு மேலும் போகும். அதற்குள் பால், இறைச்சி, வெட்டிய பழம் எல்லாம் சாப்பிடுபவரின் தட்டுக்குப் போய்விடும். விரைவு முறைகள் தேவைப்பட்டது அதனால்தான்.

படி 1: கேள்வியை ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள்

‘இந்த உணவு பாதுகாப்பானதா?’ என்று கேட்டால் விடை சொல்லும் கிட் எதுவும் கிடையாது. ‘இந்த நிலக்கடலையில் மொத்த அஃப்ளடாக்சின் கிலோவுக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டுகிறதா?’ என்று கேட்டால் விடை உண்டு (அஃப்ளடாக்சின் என்பது பூஞ்சை சுரக்கும் நச்சு). எந்தப் பொருள், எந்த உணவில், எந்த அளவுக்கு மேல் என்ற மூன்றும் அந்த ஒரு வரியில் இருக்க வேண்டும்.

கேள்வி தவறினால் என்ன ஆகும் என்பதை 2008-இல் சீனாவில் நடந்த பால் பவுடர் கலப்படம் காட்டியது. பாலில் உள்ள புரதத்தை நேரடியாக அளப்பதற்குப் பதிலாக, அதிலுள்ள நைட்ரஜனை அளந்து அதிலிருந்து புரதத்தைக் கணக்கிடும் கெல்டால் முறை 1883-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக் தொழிலில் பயன்படும் மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். தண்ணீர் கலந்த பாலில் அதைச் சேர்த்தபோது கருவி ‘புரதம் போதுமான அளவு இருக்கிறது’ என்று காட்டியது. சோதனை சரியாகத்தான் நடந்தது, ஆனால் மெலமைன் இருக்கிறதா என்று அது கேட்கவே இல்லை. ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 6 குழந்தைகள் இறந்தார்கள்.

நுண்ணுயிரியிலும் இதே வலை உண்டு. ஈ.கோலையைக் காட்டும் பெரும்பாலான நிற ஊடகங்கள் பீட்டா-குளுகுரோனிடேஸ் என்ற நொதியை நம்பி வேலை செய்கின்றன. கடுமையான இரத்த வயிற்றுப்போக்கையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும் ஈ.கோலை ஓ157:எச்7 வகையில் பொதுவாக அந்த நொதி வேலை செய்வதில்லை. ஆகவே பொதுவான ஈ.கோலை சோதனையில் ‘இல்லை’ என்று வந்தாலும், அதைவிட மோசமான இந்த வகை அதே மாதிரியில் இருக்கலாம். அதற்குத் தனிச் சோதனை வேண்டும்.

வரம்பையும் இந்தக் கட்டத்திலேயே எழுதிவிடுங்கள். உண்ணத் தயார் நிலையிலுள்ள பல உணவுகளில் சால்மோனெல்லாவுக்கு 25 கிராமில் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பதே அளவுகோல். லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸ் என்ற நோய்க்கிருமி வளர முடியாத உண்ணத் தயார் உணவில் அதற்குக் கிராமுக்கு 100 என்ற வரம்பைச் சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் வைத்திருக்கிறது. ‘குளூட்டன் இல்லாதது’ என்று பெயரிட கிலோவுக்கு 20 மில்லிகிராம் உச்சம். பாலில் அஃப்ளடாக்சின் எம்1-க்குக் கோடெக்ஸ் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் என்கிறது, ஐரோப்பிய ஒன்றியம் 0.05 என்கிறது. பத்து மடங்கு வேறுபாடு. ஒரு சந்தைக்குப் பொருந்தும் கிட் இன்னொரு சந்தைக்குப் பயன்படாது. கிட் கண்டறியும் அளவு உங்கள் வரம்பில் பாதியோ அதற்கும் கீழோ இருக்கட்டும். வரம்பும் கண்டறியும் அளவும் ஒன்றாக இருந்தால் விளிம்பில் நிற்கும் சரக்கெல்லாம் தப்பிவிடும்.

படி 2: மாதிரி எடுப்பது

என்னைக் கேட்டால் செலவையும் கவனத்தையும் கொட்ட வேண்டிய இடம் இதுதான். கருவியில் கொட்டுகிற பணத்தில் ஒரு பங்கை இங்கே கொட்டினால் அதைவிடப் பலன் கிடைக்கும்.

அஃப்ளடாக்சினையே எடுத்துக்கொள்வோம். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது, அவற்றின் தீவனத்தில் இருந்த நிலக்கடலைப் பிண்ணாக்கிலிருந்து இந்த நச்சு அடையாளம் காணப்பட்டது. இந்த நச்சைச் சுரக்கும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை மூட்டை முழுக்கச் சமமாகப் படர்வதில்லை. ஆயிரக்கணக்கான பருப்புகளில் ஒன்றிரண்டில் மட்டும் நச்சு மிக அதிகமாகக் குவிந்திருக்கும். மூட்டையின் மேலிருந்து ஒரு கைப்பிடி அள்ளினால் பெரும்பாலும் சுத்தமான பருப்புகள்தான் வரும். சோதனையும் சுத்தம் என்றுதான் சொல்லும், அந்தக் கைப்பிடியைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட.

அதனால் தானியம், பருப்பு வகைகளில் பல இடங்களிலிருந்து, பல ஆழங்களிலிருந்து சிறு சிறு அளவாக எடுத்துச் சேர்க்க வேண்டும். சேர்ந்தது கிலோக் கணக்கில் இருக்கட்டும். அதிலிருந்து 50 கிராமைப் பொறுக்கி அரைப்பது தவறு. முழுவதையும் பொடியாக அரைத்து, நன்றாகக் கலந்து, பிறகுதான் சோதனைக்குரிய சிறு அளவை எடுக்க வேண்டும். வரிசை மாறினால் உழைப்பு வீண்.

நுண்ணுயிரிக்கு எத்தனை மாதிரி போதும்? ஒரு தொகுதியில் நூற்றுக்கு 1 பொட்டலம் மாசுபட்டிருக்கிறது என்று வையுங்கள். 5 பொட்டலங்களைச் சோதித்தால் ஐந்தும் சுத்தமாக வரும் வாய்ப்பு 95 சதவீதம். 60 பொட்டலங்களைச் சோதித்தாலும் தப்பும் வாய்ப்பு 55 சதவீதத்துக்கு அருகில். 95 சதவீத உறுதியோடு பிடிக்க ஏறத்தாழ 300 வேண்டும். சோதனை நூற்றுக்கு நூறு துல்லியமாக இருந்தாலும் இதே கணக்குதான். 1960-களில் அமெரிக்க விண்வெளி வீரர்களுக்கு உணவு தயாரித்த பில்ஸ்பரி நிறுவனம் இந்தச் சுவரில்தான் முட்டியது. உறுதி வேண்டுமென்றால் தயாரித்த உணவில் பெரும்பகுதியைச் சோதனைக்கே கொடுக்க வேண்டியிருந்தது. அங்கிருந்துதான் தயாரிப்பின் ஒவ்வொரு கட்டத்திலும் ஆபத்தைக் கட்டுப்படுத்தும் ஹேசாப் முறை பிறந்தது. கடைசிப் பொட்டலத்தைச் சோதிப்பதோடு நிறுத்தாமல் கச்சாப் பொருளிலும், இயந்திரப் பரப்பிலும், கழுவும் நீரிலும் விரைவுச் சோதனையைப் பயன்படுத்துங்கள். அங்கே அது பல மடங்கு பலன் தரும்.

நடைமுறையில் சில: நுண்ணுயிரி மாதிரிக்கு கிருமி நீக்கிய பையும் கரண்டியும் வேண்டும். குளிர்ந்த உணவை 4 டிகிரிக்கு அருகில் வைத்துக் கொண்டுபோக வேண்டும், உறைய விடக்கூடாது. பரப்பைத் துடைக்கும் ஸ்வாப்பில், கிருமிநாசினியின் எச்சத்தைச் செயலிழக்கச் செய்யும் திரவம் இருக்க வேண்டும். குளோரினுக்குச் சோடியம் தயோசல்பேட், குவாட்டர்னரி அமோனியம் வகைக்கு லெசித்தினும் பாலிசார்பேட்டும். அது இல்லாவிட்டால் ஸ்வாப்பில் ஒட்டிய கிருமிநாசினி வழியிலேயே கிருமிகளைக் கொன்றுவிடும். இயந்திரம் சுத்தமாக இருப்பதுபோலத் தோன்றும்.

படி 3: கேள்விக்கு ஏற்ற முறையைத் தேர்ந்தெடுங்கள்

ஏடிபி சோதனை. மின்மினியின் ஒளிக்குக் காரணமான லூசிஃபெரின்–லூசிஃபெரேஸ் வினையைப் பயன்படுத்தி, பரப்பில் உள்ள ஏடிபியை, அதாவது உயிர்ச் செல்களில் ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறை, ஒளியாக்கி அளக்கிறது. அரை நிமிடத்தில் எண் வந்துவிடும். கழுவியது போதுமா என்று வேலை தொடங்குமுன் பார்க்க இதைவிட வேகமான வழி இல்லை. ஆனால் உணவுத் துணுக்கின் ஏடிபியும் நுண்ணுயிரியின் ஏடிபியும் அதற்கு ஒன்றுதான். சால்மோனெல்லா இருக்கிறதா என்று அதைக் கேட்க முடியாது. வைரஸ் தெரியாது, ஸ்போர் (பாக்டீரியாவின் உறங்கு நிலை) கிட்டத்தட்டத் தெரியாது. முட்டை வெள்ளைக்கருவில் ஏடிபி மிகக் குறைவு என்பதால், ஒவ்வாமை உண்டாக்கும் முட்டைப் புரதம் படிந்த பரப்பும் இதில் தேறிவிடும். ஒரு நிறுவனத்தின் எண்ணை இன்னொரு நிறுவனத்தின் எண்ணோடு ஒப்பிடவும் முடியாது. உங்கள் பரப்பை முறையாகக் கழுவிப் பல நாள் அளந்து, வரம்பை நீங்களேதான் வகுக்க வேண்டும்.

ஸ்ட்ரிப் சோதனை. மாதிரித் திரவம் ஊறிச் சென்று கோட்டால் விடை சொல்லும் சிறு பட்டை. ஒவ்வாமைப் புரதம், பூஞ்சை நச்சு, ஆன்டிபயாட்டிக் எச்சம், வளர்த்தெடுத்த பாக்டீரியா ஆகியவற்றுக்கு இது பயன்படும். செய்முறையைப் படி 5-இல் விரிவாகப் பார்ப்போம்.

எலைசா. 1971-இல் ஸ்வீடனிலும் நெதர்லாந்திலும் தனித்தனியாக உருவானது. 96 குழிகள் கொண்ட தட்டில், குறிப்பிட்ட பொருளை மட்டும் பிடிக்கும் புரதமான ஆன்டிபாடி பிடித்ததை நொதி நிறமாக்குகிறது, அந்த நிறத்தைக் கருவி அளக்கிறது. ஒரே நேரத்தில் பல மாதிரிகளுக்கு எண்ணாக விடை வேண்டுமென்றால் இதுதான் சிக்கனம். இரண்டு மூன்று மாதிரிக்கு ஒரு தட்டைத் திறப்பது வீண். பலர் சறுக்குவது கழுவும் கட்டத்தில். குழியில் திரவம் மிஞ்சினால் பின்னணி நிறம் ஏறிவிடும்.

பிசிஆர். கேரி முல்லிஸ் 1983-இல் கண்டுபிடித்து, 1993-இல் வேதியியல் நோபல் பெற்ற, டிஎன்ஏவைப் பெருக்கிக் காட்டும் முறை. ஒவ்வொரு சுற்றிலும் இலக்கு டிஎன்ஏ இரட்டிக்கும். நிகழ்நேரப் பிசிஆரில், டிஎன்ஏ பெருகப் பெருகக் கூடும் ஒளி எந்தச் சுற்றில் வரம்பைத் தாண்டுகிறது என்று பார்க்கிறோம். ஏறத்தாழ 3.3 சுற்று முன்னே வந்தால் டிஎன்ஏ பத்து மடங்கு அதிகம். இனத்தை அடையாளம் காண்பதில் இதற்கு இணை குறைவு. இரண்டு குறைகளை மட்டும் மறக்கக்கூடாது. கொழுப்பு, கால்சியம், தாவரப் பாலிஃபீனால் போன்றவை வினையை முடக்கும். அதனால் ஒவ்வொரு குழாயிலும் உள்கட்டுப்பாட்டு டிஎன்ஏ இருக்க வேண்டும், அதுவும் பெருகவில்லையென்றால் அந்த முடிவு நெகட்டிவ் அல்ல, செல்லாது. அடுத்தது, செத்த பாக்டீரியாவின் டிஎன்ஏவையும் அது காட்டும். சூடாக்கிய உணவில் இது குழப்பும். முன்பாக வளர்த்தெடுப்பது, பிஎம்ஏ சாயத்தால் செத்த செல்லின் டிஎன்ஏவைப் பூட்டுவது ஆகியவை இதற்கான வழிகள். சுற்று முடிந்த குழாயை எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். உள்ளிருக்கும் கோடிக்கணக்கான நகல்கள் அறை முழுக்கப் பரவி, அடுத்த மாதச் சோதனையையும் பாசிட்டிவ் ஆக்கும்.

லேம்ப். 2000-இல் ஜப்பானில் வெளிவந்த முறை. 60 முதல் 65 டிகிரியில் ஒரே வெப்பத்தில் டிஎன்ஏவைப் பெருக்குகிறது, விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சிறிய ஆய்வகங்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பது இது. குழாயைத் திறக்கக்கூடாது என்ற விதி இங்கே இன்னும் கடுமையாகப் பொருந்தும்.

நொதியையும் உயிரியையும் நம்பும் சோதனைகள். இவை பழையவை, எளியவை, இன்றும் மதிப்புள்ளவை. பாலை 72 டிகிரியில் 15 வினாடி சூடாக்கினால் அதிலுள்ள ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் நொதி அழிந்துவிடும். அது மிச்சமிருந்தால் பாஸ்டரைசேஷன் போதவில்லை அல்லது பச்சைப்பால் கலந்திருக்கிறது. ஆன்டிபயாட்டிக் எச்சத்துக்கு ஜியோபேசிலஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் ஸ்போர்களும் ஊதா நிறங்காட்டியும் உள்ள அகார் குழாயில் பாலை விட்டு, 64 டிகிரியில் ஏறத்தாழ 3 மணி நேரம் வைப்பார்கள். பாக்டீரியா வளர்ந்து அமிலம் சுரந்தால் மஞ்சளாகும், பால் நல்லது. ஊதாவாகவே நின்றால் அதன் வளர்ச்சியை ஏதோ தடுத்திருக்கிறது. அது எந்த மருந்து என்று இந்தச் சோதனை சொல்லாது.

பூச்சிக்கொல்லிக்கான கோலினெஸ்டரேஸ் அட்டையைப் பற்றி எச்சரித்தே ஆக வேண்டும். நொதி வேலை செய்தால் அட்டை நீலமாகும், பூச்சிக்கொல்லி அதை முடக்கினால் நிறம் வராது. இது காட்டுவது ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் என்ற இரண்டு குடும்பங்களை மட்டும்தான். பைரெத்ராய்டு, நியோனிகோட்டினாய்டு, பூஞ்சைக்கொல்லி எதுவும் இதில் தெரியாது. ‘பூச்சிக்கொல்லி இல்லை’ என்று இந்த அட்டையை வைத்து எழுதுவது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். முழுப் பட்டியல் வேண்டுமென்றால் 2003-இல் வந்த குவெச்சர்ஸ் பிரித்தெடுப்பும், மூலக்கூறுகளை நிறையால் அடையாளம் காணும் நிறை நிறமாலைமானியும்தான் வழி.

ஈயம் போன்ற கன உலோகங்களை, எக்ஸ் கதிரால் அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் கைக்கருவி சில நிமிடங்களில் பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவில் காட்டும். நிறத்துக்காக ஈயக் குரோமேட் சேர்த்த பொடியை அது சட்டென்று பிடிக்கும். பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) அளவில் வரம்பு இருக்கும் குழந்தை உணவுக்கு அது பத்தாது, ஐசிபி-எம்எஸ் என்ற ஆய்வகக் கருவி வேண்டும்.

படி 4: தேவையான இடத்தில் வளர்த்தெடுங்கள்

25 கிராமில் ஒரே ஒரு சால்மோனெல்லாவைப் பிடிக்க வேண்டும். பாக்டீரியா வளர்வதற்கான சத்துத் திரவமான பெப்டோன் நீர் 225 மில்லியோடு சேர்த்தால் மொத்தம் 250 மில்லி. பிசிஆர் குழாய்க்குள் போவது 5 மைக்ரோலிட்டர். அந்தத் துளியில் அந்த ஒரு செல் வந்து விழும் வாய்ப்பு 50,000-த்தில் 1. கருவி எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் துளியில் இல்லாததை அது காட்டாது.

ஆகவே முதலில் பெருக்க வேண்டும். பிசிஆருக்கு மில்லிக்கு ஏறத்தாழ 10,000 செல் இருந்தால் நம்பலாம். 250 மில்லிக்கு 25 லட்சம், அதாவது ஒன்றிலிருந்து 21 முறை இரட்டிக்க வேண்டும். 25 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டித்தால் ஏறத்தாழ 9 மணி நேரம். காய்ந்தும் சூடுபட்டும் உறைந்தும் அடிபட்ட செல்கள் தேறி எழுந்து பெருகத் தொடங்கவே சில மணி நேரம் ஆகும். ஸ்ட்ரிப்புக்கு மில்லிக்குப் பத்து லட்சம் வரை வேண்டியிருக்கும், அதற்கு இன்னும் ஆறேழு இரட்டிப்பு. ஓர் இரவு என்று கிட்டில் எழுதியிருப்பதன் கணக்கு இதுதான். அவசரச் சரக்கு என்பதற்காக 16 மணி நேரத்தை 10 ஆக்கினால் அது விரைவுச் சோதனை ஆகாது, நெகட்டிவைத் தயாரிக்கும் வேலை ஆகிவிடும்.

பெப்டோன் நீரை முன்கூட்டியே 37 டிகிரிக்குச் சூடாக்கி வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த திரவம் பைக்குள் சூடேறவே மணிக்கணக்கில் ஆகும். கிராம்பு, இலவங்கப்பட்டை போன்றவை தாமே நுண்ணுயிரியை அடக்குபவை. வழக்கமான 1-க்கு 9 விகிதம் அவற்றுக்குப் போதாது, நூறு மடங்கும் அதற்கு மேலும் நீர்க்கச் செய்ய வேண்டும். லிஸ்டீரியா மெதுவாக வளர்வது, அதற்குத் தனி ஊடகமும் கூடுதல் நேரமும் கொடுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி விட்டுக்கொடுக்காமல் சொல்கிறேன். ஒரு செல் இருந்த பை மறுநாள் காலையில் கோடிக்கணக்கான உயிருள்ள நோய்க்கிருமிகள் நிறைந்த பை. அதை உணவு தயாரிக்கும் கட்டடத்துக்குள் வளர்க்கக்கூடாது. தனிக் கட்டடம், தனி உடை, பயிற்சி பெற்றவர், நீராவி அழுத்தத்தில் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவ் ஆகிய நான்கும் இல்லையென்றால் நோய்க்கிருமிச் சோதனையை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள். ஏடிபி, ஒவ்வாமை, நச்சு, ஆன்டிபயாட்டிக் சோதனைகளை உங்கள் இடத்திலேயே செய்யலாம்.

படி 5: ஸ்ட்ரிப்பைக் கையாளும் விதம்

பூஞ்சை நச்சு ஸ்ட்ரிப்பை வைத்து வரிசையாகப் பார்ப்போம். உறையை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் கிழிக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வர அரை மணி நேரம் கொடுங்கள். குளிர்ந்த ஸ்ட்ரிப்பில் காற்றின் ஈரம் படிந்தால் உலர்த்தி வைத்த ஆன்டிபாடி முன்னதாகவே கரைந்துவிடும். அரைத்த மாதிரியை எடை போட்டு எடுங்கள், கரண்டி அளவு வேண்டாம். கிட் சொல்லும் திரவத்தைச் சொன்ன விகிதத்தில் ஊற்றி, சொன்ன நேரம் முழுவதும் குலுக்குங்கள். இங்கே ஒரு நிமிடம் குறைத்தால் நச்சு பொடிக்குள்ளேயே தங்கிவிடும். வடிகட்டி, தெளிந்ததை நீர்க்கச் செய்து, பிப்பெட்டால் அளந்து குழியில் விடுங்கள். ஸ்ட்ரிப் சமதளத்தில் படுத்திருக்கட்டும்.

திரவம் ஊறி முன்னேறும்போது சிவப்பு ஒரு மங்கல் அலையாக நகர்வது தெரியும். அந்தச் சிவப்பு தங்கத்துடையது. ஏறத்தாழ 40 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள் சிவப்பாகத்தான் தெரியும், அவற்றின் மேல் ஆன்டிபாடி பூசியிருக்கிறது. அலை கடந்து பின்னணி வெளுத்ததும் கோடுகள் தெளியும். சொன்ன நிமிடத்தில் படியுங்கள். காய்ந்த பிறகு தோன்றும் கோட்டுக்கும் மறையும் கோட்டுக்கும் மதிப்பில்லை.

கோட்டின் பொருள்தான் பலரைத் தடுமாற வைக்கிறது. பாக்டீரியா, ஒவ்வாமைப் புரதம் போன்ற பெரிய பொருள்களுக்கு இரண்டு ஆன்டிபாடிகள் இரு புறமும் பிடிக்கும். கோடு வந்தால் பொருள் இருக்கிறது. அஃப்ளடாக்சின், ஆன்டிபயாட்டிக் போன்ற சிறிய மூலக்கூறுகளில் தலைகீழ். மாதிரியில் நச்சு இருந்தால் அது ஆன்டிபாடியை முன்பே பிடித்துவிடும், கோட்டில் ஒட்ட ஆன்டிபாடி மிஞ்சாது. ஆகவே கோடு மறைந்தால் நச்சு இருக்கிறது. கோடு அழுத்தமாக இருந்தால் மாதிரி நல்லது. ஒரே மேசையில் இரண்டு வகையும் இருக்கும் இடங்களில் படம் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். வேலைக்கு வந்த முதல் நாளிலேயே இதைச் செய்து காட்டிப் புரியவைக்க வேண்டும்.

இருபுறம் பிடிக்கும் வகையில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒவ்வாமைப் புரதம் அளவுக்கு மீறி இருந்தால் இரண்டு ஆன்டிபாடிகளும் தனித்தனியே நிரம்பி, நடுவில் பாலம் அமையாமல் கோடு வராமலே போகும். அதிகம் இருக்கும் என்று சந்தேகம் வந்தால் பத்து மடங்கு நீர்த்தும் ஒருமுறை ஓட்டுங்கள். நெகட்டிவ் நீர்த்தவுடன் பாசிட்டிவ் ஆனால் காரணம் இதுதான்.

சோதனைக் கோட்டைத் தாண்டி ஸ்ட்ரிப்பில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கோடு வந்தால் திரவம் கடைசி வரை ஓடியது என்று மட்டும் பொருள். பிரித்தெடுப்பு சரியா, உங்கள் உணவில் உள்ள வேறு ஏதாவது குறுக்கிட்டதா என்பதை அது சொல்லாது. அதை அறிய, சுத்தம் என்று உறுதியான உங்கள் உணவில் தெரிந்த அளவு நச்சுத் தரக்கரைசலைச் சேர்த்து ஓட்ட வேண்டும். சேர்த்ததைக் காட்டினால் கிட் உங்கள் உணவுக்குப் பொருந்துகிறது. சாக்லேட்டில் உள்ள டானின் புரதத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், சமைத்த புரதம் உருமாறி ஆன்டிபாடிக்கு அடையாளம் தெரியாமல் போகும். புதிய உணவு வகையைத் தொடங்கும்போதெல்லாம் இதைச் செய்யுங்கள்.

படி 6: முடிவைப் படித்து நடவடிக்கை எடுப்பது

1,000 மாதிரிகளில் 10 உண்மையில் மாசுபட்டவை என்று கொள்வோம். சோதனை அந்தப் பத்தையும் பிடிக்கிறது, ஆனால் சுத்தமானவற்றில் 5 சதவீதத்தைத் தவறாகப் பாசிட்டிவ் என்கிறது. மொத்தம் ஏறத்தாழ 60 பாசிட்டிவ் வரும், அவற்றில் உண்மையானவை 10. அதனால்தான் விரைவுச் சோதனையின் பாசிட்டிவை ‘சந்தேகப் பாசிட்டிவ்’ என்று குறித்து, வளர்ப்பு முறையிலோ நிறை நிறமாலைமானியிலோ உறுதிப்படுத்துகிறோம்.

உறுதியாகும் வரை சரக்கு நகரக்கூடாது. பூட்டிய இடம், தனி அடையாளச் சீட்டு, வெளியேற்ற அனுமதி ஒரே ஒருவர் கையில். அதே மாதிரியை நெகட்டிவ் வரும் வரை திரும்பத் திரும்ப ஓட்டுவதைக் கண்டால் அங்கேயே நிறுத்துங்கள். பத்தாவது முறை நெகட்டிவ் வந்ததால் முதல் பாசிட்டிவ் அழிந்துவிடாது. மாசு சமமாகப் பரவாதபோது இரண்டாவது மாதிரி சுத்தமாக வருவது இயல்பு. அந்த உணவைச் சாப்பிடப் போவது ஒரு குழந்தையாகவோ கர்ப்பிணியாகவோ இருக்கலாம். லிஸ்டீரியா கர்ப்பிணியைத் தாக்கினால் கருவையே இழக்க நேரிடும்.

லிஸ்டீரியாவைத் தேடுவோர் உணவைவிட இடத்தைத் தேடுவது நல்லது. அது 4 டிகிரியிலும் வளரும். வடிகால், கன்வேயர் உருளையின் உட்குழிவு, விரிசல் விட்ட ரப்பர் ஆகியவற்றில் வருடக்கணக்கில் குடியிருக்கும். கழுவி முடித்த உடனே ஸ்வாப் எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. வேலை தொடங்கி 3 மணி நேரமாவது ஆன பிறகு, அதிர்விலும் ஈரத்திலும் மறைவிடத்திலிருந்து அது வெளிவரும்போது எடுங்கள். எடுத்த இடங்களைத் தரைப்படத்தில் குறித்துவந்தால், தனித்தனியாகப் பொருளில்லாத பாசிட்டிவ்கள் சில மாதங்களில் ஒரே வடிகாலைச் சுற்றி நிற்பது தெரியும். பாசிட்டிவைக் கண்டுபிடித்த பணியாளரைப் பாராட்டுங்கள். திட்டினால் அடுத்த மாதத்திலிருந்து அவர் கழுவிய உடனேயே ஸ்வாப் எடுக்கத் தொடங்கிவிடுவார்.

படி 7: கிட் வாங்கும்போதும் வாங்கிய பிறகும்

விற்பவரிடம் கேட்க வேண்டியவை சில. இந்த முறை ஐஎஸ்ஓ 16140-2 என்ற சர்வதேசத் தரநிலை அல்லது ஏஓஏசி என்ற பகுப்பாய்வு அமைப்பின் வழியில் சரிபார்க்கப்பட்டதா? எந்தெந்த உணவுகளில்? உங்கள் உணவு அந்தப் பட்டியலில் இருக்கிறதா? ‘எல்லா உணவுக்கும் பொருந்தும்’ என்று வாயால் சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஒவ்வொரு சோதனையிலும் கிட்டின் தொகுதி எண், காலாவதி, செய்தவர், தொடங்கிய நேரம், படித்த நேரம், கட்டுப்பாட்டின் முடிவு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் ஏற்றுங்கள். ரீடர் வைத்துப் படிக்கும் ஸ்ட்ரிப்புக்குத் தொகுதிக்கு ஏற்ப அளவீட்டு வளைவு மாறும். பழைய தொகுதியின் பார்கோடோடு புதிய ஸ்ட்ரிப்பைப் படித்தால் எண் தவறாகத்தான் வரும். புதிய தொகுதி வந்ததும், பழையதில் அளந்து வைத்த ஒரு சுத்தமான மாதிரியையும் ஒரு மாசுபட்ட மாதிரியையும் புதியதிலும் ஓட்டிப் பாருங்கள்.

மாதம் ஒருமுறை சில மாதிரிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அனுப்புவதில் நெகட்டிவ்களும் இருக்க வேண்டும். பாசிட்டிவை மட்டும் அனுப்பினால் தவறவிட்டவை ஒருநாளும் தெரியவராது. முடிவுகள் மாறினால் முதலில் மாதிரி பிரித்த விதத்தையும் பிரித்தெடுப்பின் நேரத்தையும் பாருங்கள், அதன்பிறகு கிட்டின் சேமிப்பு வெப்பநிலையை, கடைசியாகக் கிட்டை. அந்த இடைவெளியில் வெளியே போன சரக்குகளின் பட்டியலையும் அப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.